முருகன் பெயரில் ஒரு கை

டென்மார்க்கிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலையாகப் போகிறேன் என்று சொன்னதும் தென்காசியில் இருக்கும் என் அண்ணன் போனில் சிரித்தான். "கும்மிடிப்பூண்டிக்காரன் டென்மார்க் போனான்னு சொன்னா நம்பலாம். அங்கிருந்து இங்க வேலைக்கு வாரவ நீ ஒருத்திதான்" என்றான். என்ன வேலை என்று கேட்டான். மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்று அளக்கும் வேலை என்றேன். "எத வச்சு அளப்ப?" என்றான். நியாயமான கேள்விதான். பத்தொன்பது வருடமாக அந்தக் கேள்வியில்தான் என் சாப்பாடு ஓடுகிறது.

என் துறையில் இதற்குச் சமூக மூலதனம் என்று பெயர். ஒரு ஊரில் எத்தனை தொழிற்சாலை, எத்தனை ஏக்கர் நிலம் என்பதெல்லாம் ஒரு பக்கம். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள், எத்தனை சங்கங்களில் சேர்ந்திருக்கிறார்கள், அவசரத்துக்கு யார் யாருக்கு ஓடி வருவார்கள் என்பது இன்னொரு பக்கம். அதுவும் ஒரு சொத்துதான் என்பது எங்கள் கட்சி. இருபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வைத்திருக்கிறோம். பதில்களுக்கு எண் உண்டு. எண்களைக் கூட்டினால் ஒரு ஊர் இன்னொரு ஊருக்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும். அப்படித்தான் நானும் இந்தப் பயணம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் பாடம் ரயிலிலேயே கிடைத்தது. அத்திப்பட்டில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மடியில், ஏறிய வேகத்தில் ஒரு பெண் தன் சாப்பாட்டுக் கூடையையும் கைப்பையையும் வைத்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே நகர்ந்து போய்விட்டாள். கைப்பை பாதி திறந்திருந்தது. கவரைப்பேட்டையில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கை மட்டும் நீண்டது. கொடுத்தேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. மடி என்று ஒன்று இருந்தால் அது அடுத்தவர் மூட்டைக்கும்தான் என்பது அவள் எண்ணம்.

டென்மார்க்கில் நான் பேருந்தில் தவறவிட்ட பர்ஸ் மறுநாளே முழுதாக வீடு வந்து சேர்ந்தது. அதே ஊரில் ஒன்பது வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரர் என் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இரண்டும் உண்மை. எங்கள் படிவத்தில் முதலாவதற்கு நிறைய மதிப்பெண்.

எதிர் இருக்கையில் ஒரு வடநாட்டு இளைஞன் போனில் அவன் அம்மாவிடம் இந்தியில் பேசிக்கொண்டு வந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தது இது: "சோற்றில் எதை எடுத்தாலும் புளி அம்மா. ஆனால் பயப்படாதே, அறையில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் நம் பக்கத்து ஆட்கள்."

எனக்கு உதவியாக ஏற்பாடு செய்திருந்த கலா நிலையத்துக்கு வெளியே காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். எட்டு வருடம் ஒரு கம்பெனியில் பாகம் கோக்கும் வேலை பார்த்தவள். "நாஷ்டா துன்னீங்களா மேடம்?" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். இட்லியும் வடகறியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜி.என்.டி. சாலையில் லாரிகள் போன போக்கில் கண்ணாடி டம்ளர் மேசையில் தானாக நகர்ந்தது.

மறுநாள் காலை தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்துக்குப் போனோம். ஐம்பது அறுபது ஓட்டு வீடுகளும் ஷீட் வீடுகளும். பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன் கூலிக்கு நடவு நட்ட குடும்பங்கள். இப்போது ஆணும் பெண்ணும் காண்ட்ராக்டர் மூலம் கம்பெனிகளில் வேலை. சந்தின் ஒரு முனையில் சின்ன தேவாலயம், மறுமுனையில் அம்மன் கோயில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒலிபெருக்கிதான் என்றாள் கலா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்காரர்கள் தூக்கிப் போவார்களாம், ஆடி மாதம் கோயில்காரர்கள்.

இது நல்ல அறிகுறி என்று உற்சாகமாகப் படிவத்தை எடுத்தேன். பொதுவாக மனிதர்களை நம்பலாமா? "அதெல்லாம் நம்பக் கூடாது மேடம்." ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா? "இல்ல." போன மாதம் அக்கம்பக்கத்தாருக்காகக் கூலி வாங்காமல் ஒரு வேலை செய்து கொடுத்தீர்களா, உங்களுக்காக யாராவது செய்தார்களா? "அவுங்கவுங்க வேலய அவுங்கவுங்க பாத்துக்கினு போறோம்."

அடுத்த வீட்டிலும் இதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் இதே பதில், வார்த்தை மாறாமல். பதினான்காவது வீட்டில் நான் கேள்வியை முடிக்குமுன்பே பதில் வந்தது. கலா பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வள்ளி வீட்டுக்குப் போனோம். வள்ளிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். "அவரு பேரு முருகன். ஆஸ்பத்திரில கீறாரு. கம்பெனில கை மாட்டிக்கிச்சு" என்றாள். சொல்லும்போது அழுதாள், பொய்யான அழுகையில்லை. அப்போது உள்ளே புடவைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் இருமினான். வள்ளி அழுகையை நிறுத்தினாள். கலா, "வாங்க மேடம், வெயில் ஏறுது" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.

வெளியே வந்து, உள்ளே இருமியது யார் என்று கலாவிடம் கேட்டேன். "எங்க மாமா வந்துகீறாரு போல" என்றாள். வள்ளிக்கு அவள் சொந்தமே இல்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் என்னோடு வர மாட்டாள் என்ற பயம்தான் காரணம், பெருந்தன்மை ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் ஊத்துக்கோட்டை. அங்கிருந்து உள்ளே தள்ளி, நிலம் வைத்து நெல் போடும் குடும்பங்கள் இருக்கும் ஒரு கிராமம்தான் எங்கள் பட்டியலில் இருந்தது. பேருந்தில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கலா காதில் மொழிபெயர்த்தாள்: "கையில் பேப்பர் வைத்திருக்கிறாள், ரேஷன் கார்டு வெட்ட வந்தவளோ?" "இல்லை, செருப்பைப் பார், வெளிநாடு." ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரில் ஒருத்தியாக ஒற்றைக் காலை வெளியே தொங்கவிட்டுப் போனேன். பாதி வழியில் ஆட்டோ நின்றது. யாரும் யாரையும் கேட்காமல் ஆண்கள் நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள், ஓட்டுநர் தன் இருக்கையிலேயே இருந்தார்.

கிராமத்தில் சுப்பிரமணி என்ற பெரியவர் வரவேற்றார். பன்னிரண்டு ஏக்கர் நெல். புளிச்சக்கீரைத் துவையலும் சுடுசோறும் நெய்யும் போட்டார்கள், அந்த ருசியை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. படிவத்துக்கு வந்த பதில்களும் அப்படித்தான். "நம்ம ஊர்ல எல்லாம் ஒண்ணு மேடம். கதவு பூட்டறதில்ல. கோயில் கமிட்டி, ஏரிப் பாசன சங்கம், பால் சொசைட்டி, எல்லாம் கீது. எங்க நைனா காலத்துல இருந்து ஒரு சண்ட இல்ல." எழுத எழுத எண் ஏறிக்கொண்டே போனது. மூன்று சங்கத்துக்கும் நிர்வாகிகள் பெயர் கேட்டேன். மூன்றிலும் அதே ஐந்து பேர்.

காலனித் தெருவிலும் சில படிவங்கள் நிரப்ப வேண்டும் என்றேன். அவர் உண்மையான கரிசனத்தோடு, "அங்க எதுக்கு மேடம் இந்த வெயில்ல? அவங்களுக்கும் சேத்து நாங்களே சொல்லிட்டமே" என்றார்.

அப்போதுதான் கலா வாயைத் திறந்தாள். "உங்க காலனில சின்னப்பன் மவன் ஏசுதாஸ்னு ஒருத்தர் இருந்தாரே, தெரியுமா சார்?"

"தெரியாம இன்னா, நம்ம நெலத்துல நட்ட குடும்பம். சிப்காட்டுக்குப் போய்ட்டாங்க. இப்ப நமக்கும் அவங்களுக்கும் இன்னா இருக்குது?"

கலா தலையாட்டிக்கொண்டாள். காலனித் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிடைத்த ஒரு பெண்ணிடம் சங்கம் பற்றிக் கேட்டேன். "ஏரி தூர் வாரக் கூப்புடுவாங்க. மீட்டிங்குக்குக் கூப்புட மாட்டாங்க" என்றாள். இந்தப் பதிலுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. திரும்பும் வழியில் யார் அந்த ஏசுதாஸ் என்று கலாவிடம் கேட்டேன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துனு போறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

நான்காம் நாள், ஆஸ்பத்திரி. இரண்டாம் மாடியில் கட்டுப்போட்ட வலது கையைத் தலையணைமேல் வைத்து ஒருவர் படுத்திருந்தார். கட்டில் தலைமாட்டில் முருகன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நெற்றி நிறைய குங்குமம் வைத்த ஒரு பெண். செவிலி வந்து, "வள்ளி, மாத்திரை குடுத்தியாம்மா?" என்றதும், "குடுத்துட்டேன் சிஸ்டர்" என்றாள். இது நான் பார்த்த வள்ளி இல்லை.

கலா தூக்குவாளியைத் திறந்து சோற்றைத் தட்டில் போட்டாள். அந்தப் பெண் சாப்பிடுமுன் வழக்கம்போல் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். நெஞ்சுக்கு இறக்கும்போது சட்டென்று நினைவு வந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் கையை மாற்றிக்கொண்டாள். சிலுவை பாதியில் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து கலா எல்லாவற்றையும் சொன்னாள்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தக் கம்பெனியில் கைரேகை இல்லை, கார்டுதான். கார்டைத் தேய்த்தால் கேட் திறக்கும். படம் மங்கியிருக்கும், தலையில் ஹெல்மெட், வாயில் துணி. காண்ட்ராக்டருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், முகம் வேண்டாம். ஆனால் சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார், கேட்டாலும் விடுப்பு இல்லை. அதனால் சந்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒருவருக்குக் காய்ச்சல், சாவு, பிள்ளைக்குப் பரீட்சை என்றால், அன்றைக்கு ஓய்விலிருக்கும் இன்னொருவர் அவர் கார்டில் போய் வேலை செய்துவிட்டு வருவார். இன்னொரு நாள் இவருக்காக அவர். யார் யாருக்கு எத்தனை முறை போனார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். இந்துவா கிறிஸ்தவரா என்பதும் இல்லை.

முருகனின் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு மாற்று ஆள் கிடையாது. வேலைக்கு உண்டு. ஏசுதாஸ் முருகன் கார்டில் போனார். மதியம் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே கை போய்விட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கார்டைப் பார்த்து எழுதிய பெயர் முருகன். காப்பீட்டு அட்டையில் மனைவி பெயர் வள்ளி. ஏசுதாஸின் மனைவி ஸ்டெல்லா அரைமணி நேரத்தில் ஓடிவந்தவள், வார்டு வாசலில் வள்ளியாகத்தான் உள்ளே போக முடிந்தது. கழுத்திலிருந்த சிலுவையைக் கழற்றிக் கலாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரிடமோ குங்குமம் வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று முதல் முருகன் தன் வீட்டிலேயே தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். சந்து முழுக்க, அவுங்கவுங்க வேலய அவுங்கவுங்க பாத்துக்கினு போறோம் என்ற பாட்டு.

"நீங்க இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து வந்துகீறீங்கன்னு பயந்துட்டாங்க மேடம்" என்றாள் கலா.

என் படிவத்தில் அந்தச் சந்து இதுவரை எடுத்த ஊர்களிலேயே கடைசி. அடுத்தவர் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் உருளைகளுக்கு நடுவே நிற்கும் இடத்துக்கு நான் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கை அழுகத் தொடங்கிவிட்டது, சனிக்கிழமை மணிக்கட்டோடு எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் கை இழந்தவர் முருகன் என்று சான்றிதழ் எழுதப்படும். பிறகு அதை மாற்றுவது நடக்கிற காரியமில்லை. சந்தில் பெரியவர்கள் கூடி ஒரு வழி சொல்லியிருந்தார்கள். அப்படியே போகட்டும். காலமெல்லாம் வரும் உதவித்தொகை முருகன் பெயருக்கு வரும், முருகன் அதை மாதாமாதம் ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுவான். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. முப்பது நாற்பது வருடத்துக்கு வாய்வார்த்தை. அதை ஸ்டெல்லாவும் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

அவள் பயம் வேறு. வார்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயருகே அவளே சொன்னாள். "அக்கா, முருகன் அண்ணன் குடுக்காம போக மாட்டாரு. ஆனா ஆபரேஷன்ல இவருக்கு எதுனா ஆயிட்டா? பாடிய வள்ளிகிட்டதான் குடுப்பாங்க. செத்தது முருகன்னு எழுதுவாங்க. எங்க ஃபாதர் எந்தப் பேர சொல்லி மண்ணு போடுவாரு?" குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. "அவரு பேருல அவர் இருக்கணும்க்கா. அவ்ளோதான்."

"முருகனிடம் இதைச் சொன்னாயா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அவருக்கு வேல போயிடும், கேசு ஆயிடும். எங்களுக்காக அவரு இவ்ளோ நாளா வெளிய வராம கீறாரு. அவர்கிட்ட போய் இத கேக்கறதா?"

எனக்கும் ஒருமுறை அறுவை சிகிச்சை நடந்தது, டென்மார்க்கில். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. நீண்ட நேரம் யோசித்து அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதினேன். சிகிச்சை அருமையாக நடந்தது, என் பெயரில்தான் நடந்தது. ஸ்டெல்லாவின் முன்னால் நின்றபோது எங்கள் இருவரில் யார் ஏழை என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வள்ளி வீட்டுக்குப் போனேன். போகலாமா கூடாதா என்று விடிந்ததிலிருந்து யோசித்தேன். அளக்க வந்தவள் தராசில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்டெல்லா சொன்னதை அப்படியே சொன்னேன். தடுப்பு விலகியது. ஒடிசலான ஆள், ஒரு வாரத் தாடி. என்னைப் பார்க்காமல் வள்ளியைப் பார்த்து, "இத ஏன் ஸ்டெல்லா என்கிட்ட சொல்லல?" என்றான்.

வள்ளி டீ கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முருகன் கேட்டான். "உங்க ஊர்ல இந்த மாதிரி ஆனா இன்னா மேடம் செய்வாங்க?"

"எங்க ஊர்ல யாரும் இன்னொருத்தர் கார்டுல வேலைக்குப் போக மாட்டாங்க."

"அப்போ காதுகுத்துக்கு?"

"லீவு கொடுப்பாங்க."

"லீவு" என்றான். சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது எந்த ஊர்ப் பலகாரம் என்பதுபோல் அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.

வள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ போய்ச் சொன்னா உன் வேல மட்டுமா போவும்? யார் யாரு கார்டுல போனாங்கன்னு தோண்டுவான். சந்தே நாறிடும். கஸ்தூரி அக்கா, டேவிட்டு, எல்லாருக்கும் பேஜாரு." அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முருகன், "எனக்குப் பதிலா போய்த்தானே கை போச்சு. பேரும் போவணுமா?" என்றான்.

சனிக்கிழமை காலை கலா, முருகன், நான் மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். பத்து நாளுக்குப் பிறகு வெயிலைப் பார்த்த முருகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தான். நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் லாரி குறுக்கே நின்று போக்குவரத்து அடைத்துவிட்டது. பத்து நிமிடம் பொறுத்தான். பிறகு இறங்கி நடக்கத் தொடங்கினான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பதிவு அறையில் எழுத்தர் முதலில் நம்பவில்லை. "நீங்க முருகன்னா, மேல படுத்துகீறது யாரு?" என்றார். முருகன் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான். எழுத்தர் அவற்றைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் வந்து வராந்தாவில் முருகனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். டாக்டர் மட்டும் சத்தம் போடாமல், "எனக்குக் கை யாருடையதாக இருந்தாலும் இன்றைக்கு எடுக்க வேண்டும். யாருடையது என்று சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது ஒரு மணிக்குத் தொடங்கியது. சம்மதப் படிவத்தில் ஸ்டெல்லா தன் பெயரைத் தமிழில் எழுதினாள். எழுதிவிட்டுக் கண்ணை மூடி முழுச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாலையில் ஏசுதாஸை வெளியே கொண்டுவந்தார்கள். உயிரோடு இருந்தார். மணிக்கட்டோடு கை இல்லை. மயக்கம் தெளிந்ததும் முருகனைப் பார்த்து அவர் கேட்டது, "காதுகுத்து நல்லா நடந்துச்சா?" முருகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வள்ளி சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலையே நடந்துவிட்டது. முருகன் பெயரை அடித்துவிட்டார்கள். திங்கள் முதல் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் கைரேகை என்று காண்ட்ராக்டர் போனில் சொல்லி அனுப்பினார். பழைய பட்டியலைப் புரட்டி, கேட்டில் கார்டு தேய்த்த அதே நாளில் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கியதாகத் தெரிந்த நாலு பேரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

நான் விடைபெற்றுக்கொள்ள வந்திருந்தேன். தேவாலய வாசலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. குழாயடியில் நின்ற கஸ்தூரி, முருகன் குடத்தோடு வந்ததும் தன் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் விலகினார்கள். யாரும் திட்டவில்லை. கஸ்தூரி என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவர் செஞ்சது தப்புன்னு யாரு சொன்னா? ஆனா எம்பொண்ணுக்குப் பிட்ஸ் வருது மேடம். இனிமே வந்தா எனக்குப் பதிலா யாரு போவாங்க?" எட்டு வருடமாக அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்த நாளெல்லாம் கஸ்தூரியின் கார்டில் யாராவது போயிருக்கிறார்கள். அதில் பல நாள் வள்ளி.

நேர்மை ஒரு பக்கம், ஒத்தாசை ஒரு பக்கம் என்று இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுகிறோமே என்று நினைத்தேன். அந்தச் சந்தில் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிட்டது, என் கண்முன்னே. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பேசியது நான்தான். ஒரு மனிதனுக்கு அவன் பெயர் கிடைத்தது. ஐம்பது குடும்பங்களுக்குக் காய்ச்சல் வந்தால் படுக்கும் வசதி போயிற்று. இதை எந்த ஊரோடு ஒப்பிட்டு எழுதுவது?

முருகன் நிறைந்த குடத்தை வாசலில் இறக்கிவிட்டு, "எங்க ஊட்டு ஃபாரம் பாக்கி கீதே மேடம், எழுதிக்கங்க" என்றான். வேண்டாம் என்றேன். "நீங்க இம்மாந்தூரம் வந்துட்டு" என்று பாயை விரித்தான். வள்ளி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இருபது கேள்வியையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதுகிறவன்போல் யோசித்துப் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு வந்தேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால், தயங்காமல் போய்க் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

வாசலுக்கு வெளியே சந்தைப் பார்த்தான். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பகலில் அந்தச் சந்தில் சாத்திய கதவை அந்த வாரத்தில் நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு போடுங்க" என்றான்.

"யாரு?"

"ஏசுதாஸ்." பேனாவை வைத்துக்கொண்டு நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கைதான் கீது அவனுக்கு. பரவால்ல, போடுங்க" என்றான்.